பொம்மைப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர்நிலை 2-இல் படிக்கும் என் மகள் கைப்பேசியில் ஸ்டாப் மோஷன் படம் (பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகப் படமெடுப்பது) எடுக்கிறாள். பிளாஸ்டிசீனில் ஒரு பாட்டி பொம்மை செய்தாள். பிற்பகல் ஆனால் பாட்டி முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறார். வேறு எந்தப் பொருளில் செய்யலாம்?
- வாசகி, ஈசூன்

பதில்: பாட்டியைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. பிளாஸ்டிசீனில் இருப்பது எண்ணெயும் மெழுகும் கலந்த மாவு. நம் ஊரின் 32 டிகிரி வெயிலில் அது இளகாமல் என்ன செய்யும்? தானாகக் காய்ந்து இறுகும் களிமண்ணை வாங்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். வேண்டாம். காய்ந்தபின் அதன் கையை அசைத்தால் கை தனியாக வரும்.

பொருளை மாற்றுவதற்கு முன் பாட்டிக்கு எலும்பு வையுங்கள். பொம்மலாட்டப் பொம்மையை நூல் தாங்குகிறது. இதைத் தாங்க யாரும் இல்லை. நொடிக்கு 12 நிலை என்று சிக்கனமாக எடுத்தாலும், 10 நொடிக் காட்சிக்கு 120 முறை தொட்டு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

எலும்புக்கு அலுமினியக் கம்பிதான். எஃகுக் கம்பி வளைத்தபின் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். செம்பு வளைக்க வளைக்க விறைக்கும். அலுமினியம் சொன்ன பேச்சைக் கேட்கும். ஜாலான் புசார் இரும்புக் கடைகளிலோ பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் ஓவியப் பொருள் கடையிலோ கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியை இரண்டாக மடித்து முறுக்குங்கள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் எபாக்சி புட்டியைப் பிசைந்து அப்பினால் எலும்பு போல் இறுகிவிடும். மூட்டில் மட்டும் கம்பி வெறுமனே இருக்கட்டும்.

அலுமினியமும் ஒருநாள் ஒடியும், பெரும்பாலும் படப்பிடிப்பின் நடுவில். அதனால் கை கால்களைக் கழற்றி மாற்றும்படி செய்வதே புத்திசாலித்தனம். இடுப்பில் ஒரு பித்தளைச் சதுரக் குழாய், கால் முனையில் அதற்குள் நுழையும் சிறிய குழாய், அவ்வளவுதான். பாதத்தில் சிறு காந்தம் ஒட்டிப் பிஸ்கட் டின் மூடியின்மேல் நிறுத்துங்கள். காந்தம் ஒட்டும் மூடிதானா என்று முதலில் பாருங்கள். ஒற்றைக்காலில் நிற்கும் காட்சி என்றால் காந்தம் போதாது. பாதத்தில் நட்டு பதித்து, மேடைக்கு அடியிலிருந்து திருகாணியால் முடுக்க வேண்டும்.

இவ்வளவும் ஆனபின் முகத்துக்கும் கைக்கும் மட்டும் அதே பிளாஸ்டிசீன் போதும். உடம்புக்குப் பஞ்சும் துணியும். குளிர்சாதன அறையில், சூடேறாத எல்இடி விளக்கில் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: முழுப் பொம்மையில் இறங்குவதற்கு முன் ஒரே ஒரு காலைச் செய்து, அது ஒடியும்வரை மடக்கி நீட்டட்டும். எந்தக் கம்பி எத்தனை மடிப்புத் தாங்கியது என்று குறித்து வைத்தால், அந்தக் குறிப்பு எந்தக் கடைக்காரர் சொல்வதைவிடவும் நம்பத்தக்கது.

கேள்வி: பொம்மைக் கையைப் பிளாஸ்டிசீனில் வடித்து அச்சுக்காக சிலிகோன் ஊற்றினேன். களிமண்ணைத் தொட்ட பக்கம் மட்டும் இறுகாமல் பிசுபிசுக்கிறது. லேடெக்ஸுக்கு மாறிவிடலாமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: உங்கள் களிமண்ணில் கந்தகம் இருக்கும். பிளாட்டினத்தின் உதவியால் இறுகும் வகை சிலிகோனைக் கந்தகம் இறுகவிடாது. கந்தகம் இல்லாத களிமண் கிடைக்கிறது. இல்லையென்றால் டின், அதாவது வெள்ளீயத்தின் உதவியால் இறுகும் வகை சிலிகோனுக்குப் போங்கள். கலக்கும்போது லேடெக்ஸ் கையுறையும் கூடாது, அதுவும் இதே வேலையைச் செய்யும். நைட்ரைல் கையுறை நல்லது.

லேடெக்ஸ் அச்சுக்கு வேண்டாம், பொம்மையின் தோலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால் நமக்கு அந்நியமா என்ன? 1877-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இங்கே வந்த கன்றுகளும், மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் அதன் இயக்குநர் ரிட்லி கண்டறிந்ததும்தானே பிறகு மலாயா முழுக்கப் பால்மரம் நடவைத்தன! அந்தத் தோட்டங்களில் விடியுமுன் வெட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர். நுரைப்பஞ்சைக் கத்தரித்து உருவமாக்கி, அதன்மேல் லேடெக்ஸை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசுங்கள். அம்மோனியா நெடி அடிக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்ததும் டால்கம் பவுடர் தடவாவிட்டால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். உள்ளே செம்புக் கம்பி இருக்கவே கூடாது, செம்பு பட்டால் ரப்பர் சீக்கிரம் கெடும். வெயிலும் ஆகாது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கதாநாயகிப் பொம்மைக்குப் பட்டுச்சேலை கட்டலாமா?
- வாசகி, சுவா சூ காங்

பதில்: ஓரடிப் பெண்ணுக்கு நாலு விரல் கரை போட்ட பட்டு எடுபடாது. தேக்காவில் தையல்காரரிடம் மெல்லிய பருத்தித் துண்டு கேளுங்கள், கரையை நீங்களே தூரிகையால் வரையுங்கள். துணிக்கு வேறொரு தொல்லையும் உண்டு: நீங்கள் தொடும்போதெல்லாம் கசங்கும், படத்தில் அது சிலிர்ப்பதுபோல் தெரியும். 1933-இல் வந்த கிங்காங் படத்தில் குரங்குப் பொம்மைக்கு முயல்தோல் போர்த்தினார்கள். கலைஞர்களின் விரல் பட்ட ரோமம் திரையில் அலைபாய்வதை இன்றும் பார்க்கலாம். சேலையின் உட்புறம் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசுங்கள், முந்தானை ஓரத்தில் மெல்லிய கம்பியைச் செருகுங்கள், கொசுவத்தை ஒட்டிவிடுங்கள். அவள் நடனம் ஆடப்போகிறாள் என்றால் ஒட்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்புக்கும் தனிக் கம்பி வேண்டியிருக்கும்.