போன்சாயில் இல்லாத கிளையை வரவழைக்கலாமா?

கேள்வி: என் மேப்பிள் போன்சாயில் ஒரு பக்கம் கிளையே இல்லை. மாங்கன்றுபோல ஒட்டுக்கட்டலாமா? எப்போது? – வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகக் கட்டலாம். குளிர் நாடுகளில், இலை உதிர்ந்து நிற்கும் மேப்பிளில், குளிர்காலக் கடைசியில் மொட்டு விரியும் முன்பே, தண்டில் துளை போட்டு அதே மரத்தின் நீண்ட இளங்குச்சியை மொட்டு நசுங்காமல் நுழைத்துவிடுவார்கள். குச்சி பருத்துத் துளையோடு ஒட்டி, வெளிவந்த பக்கம் நுழைந்த பக்கத்தைவிடத் தடித்த பிறகுதான், நுழைந்த பக்கத்தில் குச்சியை வெட்டுவார்கள்.

ஆனால் நம் டெல்டாவில் மேப்பிளுக்கு வேண்டிய குளிர் ஏது? வருஷா வருஷம் நலிந்துதான் போகும். ஆசைக்கு, ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த இச்சி மரத்தை வளருங்கள், அருமையாக வரும். மாசி, பங்குனியில் தளிர் விடும்போது தண்டில் சின்னதாகக் காடி வெட்டி, அதே மரத்தின் கிளையை வளைத்து, ஒரு பக்கம் சீவி, பட்டைக்கு அடியிலுள்ள பச்சை அடுக்குகள் இரண்டும் தொடும்படி பதித்துக் கட்டுங்கள். பால் வடியும், முதலில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வேண்டாம், காயம் அழுகிவிடும். அப்புறம், கட்டை அடிக்கடி அவிழ்த்துப் பார்க்காதீர்கள்.