ஆர்ட் டெகோ பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: ஆர்ட் டெகோ என்றால் பழைய சினிமா தியேட்டர் மாதிரி இருக்கும் கட்டடங்களா சார்?

அவையும்தான். 1920, 30களில் கட்டடம், நாற்காலி, நகை, கப்பல், ரேடியோப் பெட்டி என்று ஒன்றையும் விடாமல் பிடித்துக்கொண்ட பாணி இது. மேலே போகப்போக உள்வாங்கும் மாடிகள், விரியும் சூரியக் கதிர்கள், ஜிக்ஜாக் கோடுகள், பளபளக்கும் உலோகம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: ஆர்ட் நூவோவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆர்ட் நூவோ இதற்குச் சற்று முந்தைய பாணி, கொடியும் பூவும் வளைவும். இது ஸ்கேலும் காம்பஸும் வைத்துப் போட்டது.

கேள்வி: 1925 பாரிஸ் கண்காட்சியில்தான் பிறந்ததா?

பெயர் அந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது, அதுவும் 1960களில்தான் பரவியது. ஆனால் பாணி அதற்கு முந்தியது. 1910இல் ஜெர்மன் வடிவமைப்பாளர்கள் பாரிஸுக்கே வந்து தங்கள் அறைகலன்களைக் காட்டியதும் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தங்கள் ஆடம்பரத் தொழில் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டது, அதனால்தான் 1915க்கே கண்காட்சி திட்டமிட்டார்கள், முதல் உலகப் போர் வந்து தள்ளிப்போட்டது. பழைய பாணிகளை நகலெடுத்த எதற்கும் இடமில்லை என்பது அதன் விதி, எனக்கு ரொம்பப் பிடித்த விதி. உருவங்களைக் கோணங்களாக உடைத்து வரையும் கியூபிச ஓவியத்தின் கோணங்கள், 1909இல் பாரிஸுக்கு வந்த ரஷ்ய பாலே நடனக் குழுவின் அழுத்தமான நிறங்கள், 1922இல் பண்டைய எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறை திறந்தபோது கிளம்பிய எகிப்து மோகம் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

கேள்வி: ஒரே ஒரு கட்டடம் சொல்லுங்கண்ணா.

நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம், 1930. வடிவமைத்தவர் வில்லியம் வான் ஆலன். கார் கம்பெனி முதலாளி கட்டியது என்பதை சுவரே சொல்லும்: 31ஆவது மாடியில் செங்கல்லாலேயே கார் சக்கரங்கள் வரிசையாக ஓடும், நடுவில் பளபளக்கும் உலோகத் தட்டு, மூலைகளில் ரேடியேட்டர் மூடி வடிவில் சிற்பங்கள். உச்சியில் அடுக்கடுக்காக வளைவுகள், அவற்றுக்குள் முக்கோண ஜன்னல்கள், எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1916இல் நியூயார்க் கொண்டுவந்த சட்டப்படி, தெருவுக்கு வெளிச்சம் விட உயரக் கட்டடங்கள் மேலே ஒடுங்க வேண்டும். அங்கே அந்தப் படிக்கட்டு உருவம் வந்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை.

கேள்வி: நம்ம ஊர்ப் பக்கம் உண்டா?

மும்பையின் கடற்கரைச் சாலையான மரைன் டிரைவ், ஈராஸ் தியேட்டர் பாருங்கள், 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் கான்கிரீட்டால் கட்டியவை. ஜன்னலுக்கு மேல் நீளமாக ஓடும் சன்ஷேடு வெயிலுக்கும் மழைக்கும் ஆனது, ஆனால் அதுவே முகப்புக்கு அழகாகிவிட்டது. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை போனால் டேர் ஹவுஸை நிமிர்ந்து பாருங்கள்.