தீவிர மனநோய் உள்ளவர்களைக் கடற்கரை, கடைத்தெரு என்று வெளியே கூட்டிப் போகலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். சென்னையில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் என்று பல வருடங்களாக மாத்திரையில் இருப்பவர்கள்தான் எங்களிடம் அதிகம். "ஓடிப்போய்விட்டால்? திடீரென்று கத்தினால்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நடைமுறையில் எங்களைப் படுத்துவது வெயிலும் தண்ணீரும் கழிப்பறையும்தான்.

வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மனநோய் மாத்திரையால் வரும் கை கால் விறைப்புக்காகக் கூடவே கொடுக்கிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை வியர்வையைக் குறைக்கும், அதனால் உடம்புச் சூடு இறங்காது. குளோர்ப்ரோமசின் சாப்பிடுபவருக்குத் தோல் சீக்கிரம் கன்றிவிடும். லித்தியம் எடுப்பவர் வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். இன்னும் சிலர் குழாயைக் கண்டால் விடவே மாட்டார்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கி வலிப்பு வரலாம். யார் எந்த ரகம் என்பது கூட வரும் சிஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் மாலை 4 மணிக்கு மேல்தான் கிளம்புவோம், ராத்திரி மாத்திரைக்குள் திரும்பிவிடுவோம்.

அப்புறம், வேன் நிறைய ஆட்களை ஏற்றி, பேனர் கட்டி, வண்டலூருக்கு டூர் போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. டிக்கெட், வரிசை, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஸ்டாஃபே பார்த்துக்கொண்டால் அவர்களுக்கு அங்கே என்ன வேலை? மூன்று நான்கு பேராக டவுன் பஸ்ஸில் பெசன்ட் நகர் போய்ப் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது, செலவைக் காரணம் சொல்ல முடியாது. சில்லறையை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லத்தில் வாயே திறக்காத ஒரு அக்கா, வளையல் கடையில் டஜன் டஜனாக எடுத்து மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். கடைசியில் பச்சையைப் பிடித்துக்கொண்டு, "பத்து ரூபா குறைச்சுக்கோ" என்று அடித்துப் பேசினார். பக்கத்தில் நிற்கும் நமக்குத்தான் கை பரபரக்கும், நாமே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று. பேசாமல் நில்லுங்கள்.

ஒருவர் உட்காரவே முடியாமல் மணலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் அதட்ட வேண்டாம். மாத்திரையின் பக்கவிளைவாகவும் அந்தத் தவிப்பு வரும். கூடவே நடங்கள், மறுநாள் டாக்டரிடம் சொல்லுங்கள். வர மாட்டேன் என்பவரை வற்புறுத்தி ஏற்றாதீர்கள்.

"எந்த ஹோம்லேர்ந்து வர்றீங்க?" என்று யாராவது கேட்பார்கள். "பீச்சுக்கு வந்திருக்கோம்" என்று சொன்னால் போதும். போட்டோ விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. நன்கொடையாளர் படம் கேட்டால் சுண்டல் வண்டியை எடுத்து அனுப்புங்கள்.