வரைபடத்தில் தப்பிய தீவு

கேள்வி: உலகப்படத்தில் பசிபிக் நடுவே ஒரு புள்ளியைக் காட்டி, "பிட்கேர்ன்னு போட்டிருக்கே, அங்கே யார் தாத்தா இருக்காங்க?" என்று பேரன் கேட்கிறான். என்ன சொல்ல?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நானும் எட்டாம் வகுப்பில் அந்தப் புள்ளியைத் தேடியிருக்கிறேன். நண்பனிடம் மாற்றி வாங்கிய தபால்தலையில் ஆரஞ்சுப் பழமும் ராஜாவின் தலையும் இருந்தன. பிட்கேர்ன் 1940-ல் வெளியிட்ட முதல் வரிசைத் தலை. நாலரை சதுர கிலோமீட்டர்தான் தீவு, ஜனம் ஐம்பதுக்கும் குறைவு. ஆனாலும் தபால்தலை விற்றே வெகுகாலம் பிழைத்தது.

கதை சீமைப்பலாவில் தொடங்குகிறது. ஆமாம், நாம் வறுவல் போடுகிற அதே காய்தான். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு மலிவுச் சாப்பாடாகட்டும் என்று பசிபிக் தீவான தாஹிட்டியிலிருந்து அதன் கன்றுகளை ஏற்றிப் போன 'பவுண்டி' என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில், 1789 ஏப்ரலில் கலகம் வெடித்தது. பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகக்காரர்கள் கேப்டன் பிளையைச் சிறு படகில் இறக்கிவிட்டார்கள். பிடிபட்டால் தூக்கு. ஒளிய இடம் வேண்டுமே?

பிட்கேர்னை 1767-லேயே பார்த்துக் குறித்திருந்தார் கார்ட்டெரெட் என்ற கேப்டன். ஆனால் தீர்க்கரேகையில் சுமார் 3 டிகிரி பிசகு, அதாவது 300 கிலோமீட்டருக்கு மேல். தேடி வருகிறவனுக்குத் தண்ணீர்தான் தெரியும்! 1790 ஜனவரியில் 9 கலகக்காரர்களும், தாஹிட்டி வட்டாரத் தீவுகளின் 6 பாலினேசிய ஆண்களும், பெண்களும் அங்கே இறங்கிக் கப்பலைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண்களில் பலர் கடத்தி வரப்பட்டவர்கள்; சாகசக் கதையாகச் சொல்கிறவர்கள் இதை விழுங்கிவிடுவார்கள். அப்புறம் நிலத்துக்கும் பெண்ணுக்கும் வெட்டுக்குத்து. 1808-ல் ஓர் அமெரிக்கக் கப்பல் தற்செயலாக வந்தபோது, வந்திறங்கிய ஆண்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான் மிச்சம். இன்றைய தீவுக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் கலகக்காரர்களும் பெண்களும் விட்ட வம்சம். அவர்கள் பேசுவது, ஆங்கிலமும் தாஹிட்டியனும் கலந்த ஒரு தனி மொழி.

அந்தத் தூரம் நல்லவர்களை மட்டுமா மறைக்கும்? சிறுமிகளிடம் பாலியல் குற்றம் செய்ததாக 2004-ல் அந்தத் தீவின் ஆண்கள் 6 பேர் தண்டனை பெற்றார்கள். பேரன் வளர்ந்த பிறகு இதையும் சொல்லுங்கள்.

போக முடியுமா என்பான். விமானத்தளம் கிடையாது. தாஹிட்டியிலிருந்து மங்கரேவா தீவு வரை விமானம், பிறகு ஒன்றரை நாள் கப்பல். கப்பலும் கரைக்கு வராது. அலையில் ஆடும் நீளப்படகில் குதித்துத்தான் இறங்க வேண்டும். இறங்கியதும் ஊருக்கு ஏறுகிற செங்குத்துப் பாதைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கஷ்டக் குன்று'. என் முழங்காலுக்குப் பெயரே போதும். நான் தபால்தலையோடு நிறுத்திக்கொண்டேன்.