விஷு வருஷம், ஐப்பசி 12

கேள்வி: என் அப்பாயிக்கு (அப்பாவின் அம்மாவுக்கு) வயது 89. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1937-இல், மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போன அவருடைய அப்பா திரும்பவே இல்லை. அக்கரையில் வேறு குடும்பம் கட்டிக்கொண்டு இவர்களை மறந்துவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. சென்ற மாதம் ஒரு தகரப்பெட்டியில் அந்தக் கொள்ளுத்தாத்தா தம் தகப்பனாருக்கு எழுதிய 11 கடிதங்களும் சில மணியார்டர் துண்டுகளும் கிடைத்தன. கடைசிக் கடிதத்தில் ‘விஷு வருஷம் ஐப்பசி 12’ என்றிருக்கிறது. நலவிசாரிப்பும் பணக்கணக்கும்தான் எல்லாவற்றிலும். மனைவியின் பெயர் எங்கும் இல்லை. ஒன்றில் மட்டும் ‘பாப்பா காதுகுத்துக்குத் தனியாக ரூபாய் 12’ என்று எழுதியிருக்கிறார். இவற்றை அப்பாயிக்குப் படித்துக் காட்டலாமா?
– வாசகி, துறையூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அவசியம் படித்துக் காட்டுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தக் கடைசித் தேதி சொல்வதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்த விஷு வருஷம் 1941 ஏப்ரலில் பிறந்தது; ஐப்பசி 12 என்பது அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். அதிலிருந்து ஆறே வாரத்தில், டிசம்பர் 8 அன்று, ஜப்பானியப் படை மலேயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஆட்களையும் தபால் மூட்டைகளையும் சுமந்துவந்த கப்பல் போக்குவரத்து அத்துடன் நின்றது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வரும்வரை, தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் ஊருக்கு ஒரு வரி அனுப்ப வழக்கமான வழி எதுவும் இருக்கவில்லை. கடிதம் நின்றதை வைத்து மனம் மாறியதாகத் தீர்ப்புச் சொன்ன உங்கள் ஊர், அந்த மனிதருக்கு அநீதி செய்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

கடிதம் மட்டுமே உறவைக் காத்த காலமும் அல்ல அது. தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணிகள் தம் சொந்த ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் வந்துதான் ஆள் சேர்த்தார்கள் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் அவர்களோடு சேதியும் சேலையும் வந்தன. 1938 ஜூனில் இந்திய அரசு தொழிலாளர்களைப் பிறர் செலவில் கப்பலேற்றி (உதவிப் பயணத்தில்) அனுப்புவதைத் தடை செய்தபோது அந்த வழி அடைபட்டது. தொழிலாளர் நலனுக்காகச் செய்யப்பட்ட தடைதான். ஆனாலும் அதன் பிறகு உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு எஞ்சியவை தபாலும் மணியார்டருமே.

மனைவியின் பெயர் இல்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். எழுதத் தெரியாத தொழிலாளி, வேலை முடிந்த மாலையில் தோட்டத்து எழுத்தரான கிராணியிடமோ, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எழுத்தறிந்த ஒருவரிடமோ உட்கார்ந்து, தாம் சொல்லச் சொல்ல அவர் எழுதியதைத்தான் அனுப்பினார். அது ஊருக்கு வந்ததும் தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ திண்ணையில் வைத்துப் பலர் கேட்கப் படித்தார். மாமனார் முன்னிலையில் நிமிர்ந்து நிற்கவும் தயங்கிய ஒரு பெண்ணுக்கு, இத்தனை பேர் காது வழியாக ஒரு கணவன் என்ன சொல்லி அனுப்பியிருக்க முடியும்? பணக்கணக்கில்தான் சொல்ல முடிந்தது. 1928-இல் வரையறுக்கப்பட்ட கூலியே ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. அந்தக் கூலியில் அரிசிக்கும் உப்புக்கும் போக மிச்சம் பிடித்து ‘தனியாக’ என்று ஒரு தொகையைப் பிரித்து எழுதியிருக்கிறார் என்றால், அந்தச் சொல்லை நீங்கள் லேசாகக் கடந்துவிடக் கூடாது.

போருக்குப் பிறகாவது எழுதியிருக்கலாமே என்று அப்பாயி கேட்கக்கூடும். அதற்கு நேர்மையாகவே பதில் சொல்லுங்கள். அவர் அங்கே வேறு குடும்பம் கொண்டிருக்கவே மாட்டார் என்று உறுதி கூற வேண்டாம். ஆனால் 1942-43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதைக்கு, மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதையும், அவர்களில் மிகப் பலர் காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் கல்லறை வரிசை இல்லை.

உறைகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தொழிலாளர்கள் தோட்டத்துக்குத் தாங்களே வைத்து வழங்கிய பெயர் வரைபடத்தில் இராது. அஞ்சல் முத்திரையிலுள்ள ஊர்ப் பெயர்தான் தேடலுக்கு உதவும்.

படிக்கும்போது சுருக்கிச் சொல்லாமல், பிள்ளையார் சுழிக்குக் கீழுள்ள முதல் வரியிலிருந்து உரக்கப் படியுங்கள். அவை வாயால் சொல்லி எழுதப்பட்டவை. தேதி வரிசையை முதல் நாள் மட்டும் விட்டுவிடலாம். காதுகுத்துக் கடிதத்தை முதலில் எடுங்கள். அதில் வரும் பாப்பா தாம்தான் என்பது அப்பாயிக்கு விளங்கும்வரை அடுத்த கடிதத்தைப் பிரிக்க வேண்டாம்.