மோயாமோயா: மாத்திரையா, பைபாஸா?

கே: என் எட்டு வயது மகள் அழுதால் வலது கை சில நிமிடம் துவண்டுவிடுகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. மோயாமோயா என்றார்கள். மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா?

ப: மோயாமோயா என்பது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் மெல்ல மெல்லக் குறுகிவரும் நோய். தேம்பி அழும்போது குழந்தை வேகவேகமாக மூச்சு விடுகிறாள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே குறுகிய தமனியை நம்பியிருக்கும் பகுதி அந்த நேரத்தில் தவித்துப்போகிறது. சூடானதை ஊதி ஊதிக் குடித்தாலும் இப்படி வரலாம். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும். தமனி குறுகிக்கொண்டே போவதை நிறுத்தாது. அதை நிறுத்தும் மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. பக்கவாதம் நிரந்தரமாகத் தங்குவதற்குள் பைபாஸ், அதாவது மூளைக்கு ரத்தம் போக மாற்றுவழி அமைக்கும் அறுவை சிகிச்சை, செய்துவிடுவதே நல்லது. அடுத்த முறை கை துவண்டால், சரியாகிறதா என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

கே: இதயத்துக்கு வைப்பதுபோல ஸ்டென்ட் வைத்தால் என்ன?

ப: மோயாமோயாவுக்கு வேண்டாம். இங்கே தமனிச் சுவரே தடித்துச் சுருங்குகிறது. விரித்துவிட்டாலும் மறுபடி அடைத்துக்கொள்ளும். மூளைத் தமனியில் கொழுப்புப் படிவால் வரும் குறுகலிலும் ஸ்டென்டுக்கு அவசரம் காட்டுவதில்லை. 2011-இல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வில், 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7%, தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5.8%.

கே: நேரடி பைபாஸ், மறைமுக பைபாஸ் — எது நல்லது?

ப: நேரடியில், நெற்றிப்பொட்டில் துடிக்கும் தமனியை மூளையின் மேற்பரப்புத் தமனியோடு நுண்ணோக்கியின் கீழ் தைப்போம். அந்தக் குழாயின் குறுக்களவே ஏறத்தாழ 1 மி.மீ. தான். ரத்தம் உடனே பாயும். ஆனால், பழக்கமில்லாத அந்தப் பாய்ச்சலால் முதல் சில நாட்களில் பேச்சுக் குழறல், வலிப்பு, அபூர்வமாக ரத்தக்கசிவுகூட வரலாம். மறைமுகத்தில் தமனியையோ தசையையோ மூளைமேல் பதித்துவிட்டால், புதுக் குழாய்கள் தாமாகவே முளைக்கும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். குழந்தைகளுக்கு இது நன்றாகக் கைகொடுக்கிறது. பெரியவர்களுக்கு அவ்வளவு நம்பகமில்லை; அவர்களுக்கு நேரடியையோ இரண்டையும் சேர்த்தோ செய்வதே என் விருப்பம்.

கே: வயது 42. தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. வேறு தொந்தரவில்லை.

ப: படத்தை மட்டும் பார்த்துக் கத்தியை எடுக்க மாட்டேன். அசெட்டசோலமைடு ஊசி போட்டு ரத்த ஓட்டப் பரிசோதனை செய்தால், தேவைப்படும்போது மூளைக்குக் கூடுதல் ரத்தம் போகிறதா என்று தெரியும். போகிறது என்றால், குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கலாம். புகையை விடுங்கள்; உடலில் நீர் வற்றவிடாதீர்கள். வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம் சரிந்தால் உங்களுக்கு ஆபத்து.

கே: அப்பா மோயாமோயாவால் மூளையில் ரத்தம் கசிந்து பிழைத்தார். பைபாஸ் பயன்படுமா?

ப: பயன்பட வாய்ப்புண்டு. ஜப்பானில் 80 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இருபக்கமும் நேரடி பைபாஸ் செய்தவர்களுக்கு மறுகசிவு ஆண்டுக்கு 2.7%, செய்யாதவர்களுக்கு 7.6%. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மூளையின் பின்பகுதியில் கசிந்தவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. எந்த இடத்தில் கசிந்தது என்று கேட்டு வையுங்கள். அவர் ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தொடரலாமா என்று இன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.