புது ஆபரேட்டர் கேட்குமுன் காலிப் பட்டியலைக் கவனியுங்கள்

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். கடலுக்குப் போவதற்கான டோக்கன் வாங்குமுன், படகில் போகும் எல்லோருக்கும் அடையாள அட்டை இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் உண்டா, டிரைவர் ஒருவர்தானா என்று அது சரிபார்க்கும். 'ஆல்' (எல்லாமே பொருந்துகிறதா), 'எனி' (ஒன்றாவது பொருந்துகிறதா) என்று அடைப்புக்குள் அடைப்பாக எழுதிச் சலித்துவிட்டது. 'எல்லாம் இதில்', 'எதுவும் இல்லை', 'ஒன்றே ஒன்று' என மூன்று ஆபரேட்டர்களை, அதாவது கூட்டல் குறிபோல மொழியிலேயே அமைந்த குறிகளை, பைத்தானுக்கு முன்மொழிய முடியுமா?

பதில்: யாரும் முன்மொழியலாம் தம்பி. ஆனால் பட்டியல் காலியாக இருந்தால் என்ன விடை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போதுள்ள 'ஆல்' காலிப் பட்டியலுக்கு 'உண்மை' என்கிறது, 'எனி' 'பொய்' என்கிறது. தர்க்கப்படி சரிதான், விதியை மீறியவர் ஒருவரும் அதில் இல்லையே. உங்கள் வேலைக்கு இது ஆபத்து. ஃபைல் சரியாகத் திறக்காமல் ஒரு பெயரும் ஏறவில்லை என்று வையுங்கள், 'எல்லோருக்கும் ஜாக்கெட் இருக்கிறது' என்று புரோகிராம் சொல்லிவிடும். ஆட்களோ படகில் ஏறியிருப்பார்கள். புது ஆபரேட்டர் வந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. பட்டியலில் ஆள் இருக்கிறார்களா என்ற சோதனையை இன்றைக்கே முன்னால் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. பட்டியல் வரவேண்டிய இடத்தில் தவறுதலாக ஒற்றைச் சொல் வந்துவிட்டால் பைத்தான் தடுக்காது, அதைத் துண்டு துண்டாக எடுத்துச் சோதிக்கும். 'பாம்பன்' நமக்கு நாலு எழுத்து. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் பைத்தானுக்கு அது ஏழு. உங்கள் ஆபரேட்டர் இதை ஏற்குமா, பிழை என்று நிறுத்துமா? முன்மொழிவின் வரைவில் இதற்கும் பதில் வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று. 'எல்லாம் இதில்' ஏற்கெனவே இருக்கிறது: இரண்டு பட்டியல்களையும் செட் (ஒன்று ஒருமுறை மட்டுமே இடம்பெறும் தொகுப்பு) ஆக்கி, சிறியது அல்லது சமம் என்ற குறியைப் போட்டால் போதும். ஒரே அட்டை எண் இரண்டு பேருக்குப் பதிவாகியிருந்தால் செட் அதை ஒன்றாக்கி மறைத்துவிடும், அதைத் தனியாகப் பாருங்கள். 'எதுவும் இல்லை' என்பதற்கு 'நாட் எனி' இருக்கிறது, புதிதாக ஒன்று தேவையில்லை என்பதே என் கருத்து. 'ஒன்றே ஒன்று' மட்டும் நியாயமான குறை. பொருந்துபவர் எத்தனை பேர் என்று கூட்டிப் பார்த்து, ஒன்றா என்று கேட்டால் விடை வரும், ஆனால் இரண்டாவது டிரைவர் கண்ணில் பட்ட பிறகும் கடைசி வரை ஓடும். பைத்தானோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் 'மோர் இட்டர்டூல்ஸ்' தொகுப்பிலுள்ள 'எக்ஸாக்ட்லி என்' என்ற ஃபங்ஷன் அங்கேயே நின்றுவிடும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபங்ஷனாக, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டாக, கிடைப்பதை ஆபரேட்டராக்க வலுவான காரணம் வேண்டும். 'ஆல்', 'எனி' இரண்டும் 2006-இல் பைத்தான் 2.5-இல் ஃபங்ஷன்களாகவே வந்தன. மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கான குறி 2015-இல் 3.5-இல் சேர்ந்ததென்றால், புழக்கத்திலுள்ள நிரல்களில் அந்தப் பெருக்கல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே காட்டியிருந்தார்கள். பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழியைப் பாருங்கள். 2007-இல் 5.10-இல் வந்த 'ஸ்மார்ட்மேட்ச்' ஆபரேட்டர் எந்த வகைத் தரவையும் எதனோடும் ஒப்பிட முயன்றது. விதிகள் குழம்பி, 2013-இல் அதைச் சோதனை நிலைக்கு இறக்கினார்கள். ஒரே வேலை செய்யும் 'எனி', 'ஆல்' அந்த மொழிக்குள்ளேயே சொற்களாக 2025-இல்தான் 5.42-இல் வந்தன, அதுவும் சோதனை நிலையில்.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்க நினைத்தால், முதலில் அதை ஃபங்ஷனாக எழுதிப் புழங்குங்கள். எங்கெங்கே பயன்பட்டது, பழைய நிரலை எவ்வளவு சுருக்கியது என்று மாதிரிகளைச் சேருங்கள். பிறகு பைத்தானின் மையக் குழுவில் ஒருவர் உங்கள் 'பெப்' (பைத்தானில் மாற்றம் கோரும் முன்மொழிவு) ஆவணத்துக்குப் பொறுப்பேற்க முன்வர வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் பைத்தானை வழிநடத்தும் ஸ்டீரிங் கவுன்சில் கையில்.